வீட்டுக் கோழிகளுக்குத் தீவனக் குழாய் அமைப்பது எப்படி: முதுகை அளப்பதிலிருந்து மயிலைச் சமாளிப்பது வரை

எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஒரு பழைய அலுமினியத் தாம்பாளம்தான் கோழிகளுக்குத் தீவனத் தட்டு. காலையில் கொட்டினால் எல்லாம் ஓடிவரும். இரண்டு தட்டுக்குள்ளேயே ஏறி நின்று சீய்க்கும். மற்றவை அலகால் மாவைத் தள்ளிவிட்டு, பிடித்த மணியை மட்டும் பொறுக்கும். அரை மணி நேரத்தில் தட்டு காலியாகிவிடும். நன்றாகத் தின்கின்றன என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தட்டுக்கு அடியில் உரச்சாக்கை விரித்து வைத்தேன். தட்டு காலியானதும் சாக்கை மடக்கி எடுத்தால், இரண்டு கையாலும் அள்ளுகிற அளவுக்குத் தீவனம், எச்சமும் மண்ணும் கலந்து கிடந்தது. அதுவரைக்கும் அதைத் தின்றது எறும்பும் எலியும். கோழிகள் பசியோடுதான் தென்னந்தோப்புக்குள் போயிருக்கின்றன.

நீங்களும் முதலில் இந்தச் சாக்குச் சோதனையைச் செய்து பாருங்கள். சிந்துவது ஒரு பிடிக்கும் குறைவு என்றால் உங்கள் தட்டே போதும், குழாய் வேலை எதுவும் வேண்டாம். அதற்கு மேல் சிந்தினால்தான் இந்தக் குழாய்: நிமிர்த்தி நிறுத்திய பி.வி.சி. பைப்பில் மேலே தீவனத்தைக் கொட்டினால், அடியில் இருக்கும் வாய்க்கு அது தானே இறங்கும், கோழி அந்த வாயில் தலையை விட்டுத் தின்னும்.

நாங்கள் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்தில் மலையாளம். தீவன மூட்டை பொள்ளாச்சியிலிருந்து வரும், கோழிக்கு ஊசி என்றால் இங்கேயுள்ள மிருகாசுபத்திரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் சாரலையும் சேர்த்து வீட்டுக்குள் அடிக்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கீழே சொல்லும் எல்லாம் இந்த ஊருக்குத் தகுந்தபடி, பகலில் மேய்ந்து இரவில் அடைகிற 10 கோழிகளுக்கான கணக்கு.

எவ்வளவு தின்னும், எத்தனை வாய் வேண்டும்

கூண்டிலேயே இருக்கும் முட்டைக் கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். தோப்பில் மேய்கிற சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக் கோழிக்கு அவ்வளவு தேவைப்படாது. புழு, கரையான், புல் விதை என்று அது பாதி வயிற்றை வெளியிலேயே நிரப்பிக்கொள்ளும். கையால் வைப்பது 60, 70 கிராம் என்று வைத்துக்கொண்டால் 10 கோழிக்கு நாளுக்கு 700 கிராம். கிராமஸ்ரீ மாதிரி அதிகம் முட்டையிடும் இனம் என்றால் ஒரு கிலோ.

4 இஞ்ச் பைப்பில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோ அரைத்த தீவனம் பிடிக்கும். 2 அடிப் பைப் என்றால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிப் பார்த்தால் ஒரே பைப்பே 10 கோழிக்கு மூன்று, நான்கு நாள் வருமே என்று தோன்றும். கொள்ளளவுக்கு வரும், கோழிகளுக்குப் பத்தாது. ஒரு வாயில் ஒரு நேரத்துக்கு ஒரு கோழிதான் தலையை விட முடியும். ஒரே வாய் இருந்தால் கூட்டத்தில் பெரிய பெட்டை அங்கேயே காவல் நிற்கும், கடைசிக் கோழி கிட்டே வந்தாலே மண்டையில் ஒரு கொத்து விழும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது என்பதை நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப் எப்பே 1921-லேயே எழுதி வைத்தார். நம் வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியும்.

ஆகவே மூன்று, நான்கு கோழிக்கு ஒரு வாய். 10 கோழிக்கு மூன்று பைப், ஒவ்வொன்றும் 2 அடி. மூன்றையும் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றில் நிற்கும் கோழி இன்னொன்றை விரட்டப் போக யோசிக்கிற தூரம் வேண்டும். நான் ஒன்றைக் கோழியை மூடி அடைக்கும் கூடையான குடாப்புக்குப் பக்கத்திலும், இரண்டைச் சாய்ப்புக் கூரைக்குக் கீழே ஆறடி இடைவெளியிலும் வைத்திருக்கிறேன்.

சாமான்கள்

தோப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில் சொட்டுநீருக்கோ மோட்டாருக்கோ வாங்கிய பைப் துண்டு கட்டாயம் கிடக்கும். 6 அடித் துண்டு ஒன்று கிடைத்தால் மூன்றாக வெட்டிக்கொள்ளலாம். தண்ணீர் அழுத்தம் எதுவும் இல்லாததால் நாலு கிலோ அழுத்தம் தாங்கும் பைப்பே தாராளம். 3 இஞ்ச் பைப் சும்மா கிடக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். சேவலின் கொண்டையும் தாடியும் விளிம்பில் உரசிப் புண்ணாகும், அப்புறம் அது அந்தப் பக்கமே வராது.

கடையில் வாங்க வேண்டியது: 4 இஞ்ச் ஒய் (Y வடிவ இணைப்பு) மூன்று, எண்ட் கேப் என்னும் முனை மூடி ஒன்பது (அடிக்கு மூன்று, மேலுக்கு மூன்று, இரவில் வாயை மூட மூன்று), கிளாம்ப் ஆறு. எல்லாவற்றையும் கடையிலேயே பைப் துண்டில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். வயலுக்கான பைப்புக்கும் கக்கூஸ் லைன் பைப்புக்கும் அளவு ஒன்று என்று சொன்னாலும் சில சமயம் ஆடும். டி வேண்டாம், ஒய்தான் வேண்டும். டி-யின் வாய் படுக்கையாக நிற்பதால் கோழி ஓர் இழுப்பு இழுத்தாலே தீவனம் வெளியே வரும். ஒய்-யின் கிளை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அலகால் இழுத்தது திரும்ப உள்ளேயே சரியும். இந்த முறையில் தீவனம் மிச்சமாவதற்கு முக்கியமான காரணம் அந்தச் சாய்வுதான்.

வெட்டுவதும் பொருத்துவதும்

ஆக்ஸா பிளேடால் பைப்பை 2 அடியாக வெட்டுங்கள். ஒரு காகிதத்தைப் பைப்பைச் சுற்றி விளிம்பு பொருந்தும்படி ஒட்டினால் நேர்கோடு கிடைக்கும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் உள்ளும் புறமும் தேய்த்துவிடுங்கள். பிசிறு இருந்தால் தீவனமும் தங்கும், கோழியின் கழுத்தும் கிழியும்.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடுகிற வேலை. ஒய்-யின் அடியில் கேப் போட்டதும், கிளை பிரியும் இடத்துக்குக் கீழே நாலு விரல் ஆழத்துக்கு ஒரு குழி மிஞ்சும். அங்கே விழும் தீவனத்தைக் கோழியால் எட்ட முடியாது. அது அங்கேயே கிடந்து, ஈரம் வாங்கி, பூசணம் பிடித்து, மேலே வரும் புதுத் தீவனத்தையும் கெடுக்கும். நான் முதலில் வைத்த பைப்பில் ஒரு மாதம் கழித்துக் கேப்பைக் கழற்றியபோது பச்சை நிறத்தில் ஒரு கட்டி விழுந்தது, நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. அதனால் ஒய்-யை நிமிர்த்தி வைத்து, சிமெண்டும் மணலும் குழைத்து, கிளை பிரியும் இடம் வரைக்கும் ஊற்றி மட்டப்படுத்திவிடுங்கள். இரண்டு நாள் காயட்டும். அதற்கப்புறம் ஒரு தடவை கழுவிக் காயவைத்துத்தான் தீவனம் போட வேண்டும்.

பைப்பையும் ஒய்-யையும் சொலூஷன் போட்டு ஒட்டக் கூடாது. அழுத்திச் செருகி, பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்குரூ, போதும். கழற்றிக் கழுவ வேண்டிய சாமான் இது. மேல் மூடியையும் சும்மா மாட்டினால் போதும். ஆடிக் காற்றில் பறந்துவிடாமல் ஒரு நூலில் கட்டி வைத்துவிடுங்கள்.

முதுகு உயரம்

சாமான் சரியாக இருந்தும் சிந்துகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது உயரத்தை. வாயின் கீழ் விளிம்பு, கோழி சாதாரணமாக நிற்கும்போது அதன் முதுகு எங்கே இருக்கிறதோ அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கோழி கழுத்தைப் பக்கவாட்டில் ஆட்டித் தள்ளும், காலையும் போடும். முதுகு மட்டத்தில் இருந்தால் அது கழுத்தை நீட்டி மேலிருந்து கொத்த வேண்டும். அப்போது இறைக்க முடியாது, சீய்க்கவும் முடியாது.

இதை இஞ்சில் சொல்வதைவிடக் கோழியிலேயே அளப்பது நல்லது. சாயங்காலம் ஒன்றிரண்டு தானியத்தைச் சுவரோரம் போட்டு, ஒரு நடுத்தரப் பெட்டை நிமிர்ந்து நிற்கும்போது முதுகு மட்டத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் விளிம்பு வரும்படி பைப்பை நிறுத்துங்கள். எங்கள் சிறுவிடைகளுக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கிராமஸ்ரீக்கு ஒரு சாண் நாலு விரல். இரண்டும் கலந்து வளர்ப்பவர்கள் ஒரு பைப்பைத் தாழ்த்தியும் மற்றவற்றை உயர்த்தியும் வைத்தால் தீர்ந்தது.

நான் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆத்தா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கோழிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கேட்டார். இல்லீங்க ஆத்தா, சாப்பாட்டு மேசை என்றேன். "கால்ல சீய்க்காம அதுக்குத் தின்ன மாதிரியே இருக்காது" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சீய்ப்பது கோழியின் குணம், அதை நிறுத்த முடியாது. அதனால் தினமும் ஒரு கைப்பிடி கம்போ சோளமோ தோப்புச் சருகில் தனியாக வீசிவிடுகிறேன். சீய்க்கிற ஆசை அங்கே தீர்ந்துவிடும்.

எங்கே நிறுத்துவது

சுவரிலோ வேலிக் கல்லுக்காலிலோ இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். தென்னை மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். கட்டுவதானால் கயிறு போதும்.

மேல்நோக்கிய வாய் என்பதால் மழை நேராக உள்ளே விழும். கட்டாயம் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் தென்மேற்குச் சாரல் சாய்வாக வருவதால் கூரை மட்டும் போதாது, வாய் மேற்கே பார்க்கக் கூடாது. கிழக்கே திருப்பி, பின்னால் சுவர் இருக்கிற மாதிரி வைத்தால் ஆடி தாண்டும். ஐப்பசியில் இடியோடு வரும் சாயங்கால மழைக்கு ஒரு பழைய ஓலைத் தட்டியைக் கிழக்குப் பக்கம் தொங்கவிட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர்ப் பாத்திரத்தை ஏழெட்டு அடி தள்ளி, நிழலில் வையுங்கள். பக்கத்திலேயே இருந்தால் ஈர அலகோடு வந்து கொத்தி, வாயோரம் மாவு களியாகிவிடும். கோழி தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் அதற்கும் மேலே. தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும், அப்புறம் முட்டை குறையும்.

என்ன போடலாம்

முட்டைத் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், சுண்ணாம்புச்சத்து மூன்றரை முதல் 4 சதவீதம் இருக்கும். குஞ்சுகளுக்கு இதைப் போடவே கூடாது. முட்டையிடாத வயதில் இவ்வளவு சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் எல்லா வயதும் கலந்து மேய்கிறது என்றால் பைப்பில் வளர்பருவத் தீவனத்தைப் போட்டுவிட்டு, கிளிஞ்சலைத் தனியாக ஒரு சிரட்டையில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைப் போய்க் கொத்திக்கொள்ளும். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, ஓடு உருவாக 20 மணி நேரம் பிடிக்கிறது, அதில் பெரும்பகுதி இரவு. அதனால்தான் கோழிகள் சாயங்காலம் கிளிஞ்சல் சிரட்டையைச் சுற்றி வருகின்றன.

கடைத் தீவனம் குருணை வடிவில் கிடைத்தால் அதுதான் பைப்புக்கு வசதி, சரளமாக இறங்கும். வீட்டில் அரைப்பதானால் மக்காச்சோளத்தைக் கொரகொரப்பாக விடுங்கள். நைசாக அரைத்த மாவும் தவிடும் மழை நாளில் பைப்புக்குள் பாலம் கட்டி நின்றுவிடும். மேலே பார்த்தால் நிறையத் தீவனம், வாயில் ஒன்றும் இருக்காது. இதற்கு நான் செய்திருப்பது: மேல் மூடியின் நடுவில் ஓட்டை போட்டு ஒரு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டிருக்கிறேன். அடி முனை ஒய்-யின் கவைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். காலையில் இரண்டு தடவை இழுத்து ஆட்டினால் கட்டி உடையும். சங்கிலி இல்லாதவர்கள் பைப்பைக் கையால் தட்டினாலும் போதும்.

பைப்பில் இடம் இருக்கிறது என்று நிரப்பிவிடாதீர்கள். வெயில் காலத்தில் நாலு நாளுக்கும் மழைக் காலத்தில் இரண்டு நாளுக்கும் மேல் போடாமல் இருப்பது நல்லது. இந்தப் பக்கம் தேங்காய்ப் புண்ணாக்கு மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் சேர்க்கிறோம். ஈரம் பட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்கிற சாமான் அது. கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் அப்படித்தான். பூசணத்திலிருந்து வரும் அஃப்லாடாக்சின் நஞ்சு ஈரலைத் தாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்து, காரணம் தேடிப் போனபோதுதான் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கழுவினாலோ வெயிலில் காயவைத்தாலோ வறுத்தாலோ அது போய்விடாது. கட்டி பிடித்து வாடை வந்த தீவனத்தைக் கோழிக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, பிரித்ததை மூடி போட்ட டிரம்மில் கொட்டிவிட வேண்டும்.

பழக்குவது

முதல் நாள் எந்தக் கோழியும் பைப்பைச் சட்டை செய்யாது. எங்கள் சேவல் அதைப் பார்த்து ஒரு மணி நேரம் கொக்கரித்துவிட்டுப் போய்விட்டது. பழைய தட்டை உடனே எடுத்துவிடாதீர்கள். பைப்பின் அடியிலேயே வைத்து, தட்டில் பாதி, வாயின் விளிம்பில் கொஞ்சம் கம்பு என்று இரண்டு நாள் போடுங்கள். மூன்றாம் நாள் தட்டில் கால்வாசி. ஒரு கோழி தலையை விட்டால் மற்றவை பின்னால் வரும். ஐந்தாம் நாள் தட்டை எடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு கோழியின் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது. வெறும் தோலாக இருப்பது எது என்று பார்த்து, அதைத் தனியாகப் பழக்குங்கள்.

குஞ்சுகளுக்குப் பைப் ஆகாது. எட்டாது, எட்டினாலும் உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும். குடாப்பை மூன்று கல்லின் மேல் தூக்கி வைத்து, அடியில் மூன்று விரல் இடைவெளி விட்டு, உள்ளே குஞ்சுத் தீவனத்தை வையுங்கள். குஞ்சு நுழையும், தாய்க்கோழி வெளியே நின்று கத்தும். அந்தக் காலத்திலிருந்தே இங்கே செய்கிற வழிதான், இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

எலி, எறும்பு, மயில்

கோழி இருட்டில் தின்னாது, எலி இருட்டில்தான் தின்னும். அடைந்ததும் மூன்று வாய்க்கும் கேப் மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எலி மூத்திரம் பட்ட தீவனத்தில் நோய் வரும், மழைக்காலத்தில் நமக்கே எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. மூடுகிற வேலையைச் சோம்பலால் விட்ட ஒரு வாரத்தில் சுவரோரம் பெருச்சாளி வளை விழுந்தது.

எறும்புக்குப் பைப்பைத் தொங்கவிடுபவர்கள் கம்பியில் கிரீஸ் தடவலாம். சுவரில் இருப்பதற்கு விளிம்பைத் தினமும் துடைப்பதுதான் வழி. எறும்புப் பொடி தூவ வேண்டாம், கோழி அதையும் கொத்தும்.

இங்கே பெரிய தொல்லை மயில். பாலக்காடு மாவட்டத்தில் சூலன்னூரில் மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. அதற்கு வெளியே எங்கள் தோப்புகளிலும் ஒரு குறையும் இல்லை. நீளக் கழுத்து, 4 இஞ்ச் வாய்க்குள் வசதியாகப் போகும். தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது, கல்லெறிவதோ வலை வைத்துப் பிடிப்பதோ கூடாது. சாய்ப்பின் திறந்த பக்கத்தில் மீன்வலையை இறக்கி, கோழி குனிந்து நுழைகிற அளவுக்குக் கீழே ஒரு முழம் மட்டும் விட்டேன். மயில் இதுவரை குனிந்து நுழையவில்லை. மிதித்தால் மூடி திறக்கிற பெட்டி வாங்கலாமே என்பார்கள். கிலோ, ஒன்றேகால் கிலோ எடையுள்ள சிறுவிடைக்குப் பல பெட்டிகள் திறப்பதில்லை.

காட்டுப் பறவைகள் தீவனத்தில் வாய் வைக்காமல் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014-லும் 2021-லும் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. அந்த மாதிரி சமயங்களில் வாளையாறு, கோபாலபுரம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து அடிப்பார்கள், கோழி வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வாரங்களில் நான் சருகில் தானியம் வீசுவதையும் நிறுத்திவிடுகிறேன், எல்லாம் வலைக்கு உள்ளேதான்.

வாராவாரம்

ஞாயிறு காலை மூன்று பைப்பையும் கழற்றி, மிச்சத்தைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். மழைக் காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு தடவை. வெயில் இல்லாவிட்டால் அடுப்படியில் வைத்தாவது காயவைத்துவிடுங்கள். ஈரப் பைப்பில் தீவனம் போடுவதைவிட ஒரு நாள் பழைய தட்டில் போடுவது மேல்.

நேற்று எவ்வளவு இறங்கியது என்பதையும் கவனியுங்கள். எனக்குப் பைப்பின் உள்ளே பென்சில் கோடு இருக்கிறது. தீவனம் திடீரென்று பாதியாகக் குறைந்தால், தண்ணீரைப் பாருங்கள், பாலம் கட்டியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் எச்சத்தைப் பாருங்கள். எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ நீராகப் போனால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மிருகாசுபத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. கடும் கோடையில் மட்டும் குறைவது சாதாரணம். அப்போது பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வாயை மூடிவிடுகிறேன், செரிமானச் சூடு வெயிலோடு சேர வேண்டாமே என்று. காலையிலும் சாயங்காலமும் அவை தின்று சரிக்கட்டிக்கொள்ளும்.

அடைக்கோழி இருந்தால் இந்த ஏற்பாடு எதற்குள்ளும் அது வராது. நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கும், அவசரமாகத் தின்றுவிட்டு முட்டைக்கு ஓடும். மற்ற கோழிகளோடு முட்டிக்கொண்டு பைப்பில் நிற்க அதற்கு நேரமில்லை. அதன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை முழு மக்காச்சோளமும் ஒரு சிரட்டை தண்ணீரும் வைத்துவிடுங்கள்.